முதுகு வலிக்கு டாக்டர் வேண்டாமா?
பிசியோதெரபிஸ்ட் முதலில் பார்க்கும் புது முறை!

லண்டனிலோ, மான்செஸ்டரிலோ வேலை பார்க்கும் மகன் போன் செய்கிறான். ‘‘ரெண்டு வாரமா இடுப்பு வலி உயிர் போகுதும்மா. கால் வரைக்கும் இழுக்குது. டாக்டர் கிளினிக்குக்குப் போனேன். டாக்டரே பார்க்கலை. ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் பார்த்தாங்க. ஸ்கேன்கூட எடுக்கலை. நடங்க, இந்த நாலு பயிற்சியைச் செய்யுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.’’

கேட்டதும் இங்கே அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். ‘என்ன ஊருடா இது! இவ்வளவு வலியோடு போன பிள்ளையை டாக்டர்கூடப் பார்க்கலையாமே... பேசாமல் டிக்கெட் போட்டு இங்கே வரச் சொல்லி ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துடலாமா?’

கொஞ்சம் பொறுங்கள். உங்கள் மகனை யாரோ அலட்சியப்படுத்தி அனுப்பவில்லை. முதுகெலும்புப் பிரச்னைகளைப் பார்ப்பதற்கென்றே கூடுதல் பயிற்சி பெற்ற ஒருவர் அவரைப் பார்த்திருக்கிறார். இங்கிலாந்தில் இவர்களை ‘மேம்பட்ட நிலை பிசியோதெரபிஸ்ட்’ என்கிறார்கள். இவர்கள் யார், என்ன செய்வார்கள், இவர்களை நம்பலாமா என்று தெரிந்துகொண்டால் உங்கள் பயம் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி நம் வீட்டு முதுகு வலிக்கும் உதவும்!

முதலில் முதுகைத் தெரிந்துகொள்வோம்

நம் முதுகுத்தண்டு மொத்தம் 33 எலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே உள்ளவை ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டவை. அசையும் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பதுதான் டிஸ்க். நாம் ‘ஜவ்வு’ என்று சொல்வது இதைத்தான். வெளியே கெட்டியான வளையம், உள்ளே கூழ் போன்ற பொருள்.

எலும்புகளின் நடுவே ஓடும் குழாயில் தண்டுவடம் இறங்குகிறது. ஆனால் அது அடிவரை போவதில்லை. இடுப்பின் முதலாவது, இரண்டாவது எலும்பு அருகிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் குதிரை வால் போலக் கொத்தாகத் தொங்கும். கால்களுக்கும், சிறுநீர்ப்பைக்கும், மலக்குடலுக்கும் சேதி கொண்டுபோவது இந்த நரம்புக் கொத்துதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டிஸ்க் பிதுங்கி ஒரு நரம்பை உரசினால், வலி இடுப்போடு நிற்காமல் பின்தொடை வழியாகக் கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் பாய்வது போல இறங்கும். இதுதான் ‘சயாட்டிகா’.

ஆனால் முதுகு வலி என்று வருபவர்களில் 100-க்கு 90 பேருக்கு, இந்த எலும்புதான், இந்த டிஸ்க்தான் காரணம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. தசை, தசைநார், மூட்டு எல்லாம் சேர்ந்து தரும் வலி அது. ஆபத்தில்லாதது. பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும்.

ஏன் வந்தது இந்தப் புது முறை?

2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். 2050-ல் இது 84 கோடியைத் தாண்டும் என்பது அவர்கள் கணக்கு. மனிதர்களை இயல்பாக நடமாட முடியாமல் முடக்கிப்போடும் காரணங்களில் முதல் இடம் இதற்குத்தான்.

இத்தனை பேரும் எலும்பு டாக்டர் வாசலில் போய் நின்றால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் அதுதான் நடந்தது. குடும்ப டாக்டர் சீட்டு எழுதுவார். அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடைசியில் அவர் பார்த்துவிட்டு, ‘‘உங்களுக்கு ஆபரேஷன் வேண்டாம், பிசியோதெரபி போங்க’’ என்பார். வரிசையில் நின்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இதே பதில்தான். இதற்குள் சாதாரண வலி நாள்பட்ட வலியாகியிருக்கும். நிஜமாகவே கத்தி தேவைப்பட்ட சிலரும் அதே வரிசையில் பின்னால் நின்று தவித்துக்கொண்டிருப்பார்கள்.

‘கடைசியில் போகப்போகிற இடத்துக்கு முதலிலேயே போனால் என்ன?’ இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இந்த முறை. 1980-களின் கடைசியிலேயே சில ஆஸ்பத்திரிகளில், எலும்பு டாக்டருக்கு வரும் சீட்டுகளில் ஒரு பகுதியை அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்டுகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அது மெல்ல மெல்ல நாடு முழுவதும் பரவியது.

நான்கு நர்ஸுகள் போட்ட விதை

இந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்துவிடவில்லை. அந்தக் காலத்தில் மசாஜ் தொழிலுக்குக் கெட்ட பெயர் வந்தபோது, முறையாகப் பயின்றவர்களைத் தனியாக அடையாளம் காட்ட 1894-ல் நான்கு நர்ஸுகள் லண்டனில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய பிசியோதெரபிஸ்ட் சங்கத்தின் ஆரம்பம் அதுதான். 1920-ல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது.

வெகுகாலம் வரை டாக்டர் என்ன எழுதுகிறாரோ அதைச் செய்வதுதான் இவர்கள் வேலை. 1977-ல், என்ன சிகிச்சை தருவது என்பதை பிசியோதெரபிஸ்டே தீர்மானிக்கலாம் என்று அரசு ஏற்றுக்கொண்டது. 2013-ல், தனிப் படிப்பு முடித்தவர்கள் தாங்களே மருந்து எழுதவும் அனுமதி வந்தது. 2022 ஜூலை முதல், வேலைக்குப் போக முடியாதவர்களுக்கான மருத்துவச் சான்றிதழிலும் இவர்கள் கையெழுத்துப் போடலாம்.

பட்டப்படிப்பு, பல வருட அனுபவம், அதற்கு மேல் முதுகலை நிலையில் பயிற்சி. இவ்வளவும் இருந்தால்தான் ‘மேம்பட்ட நிலை’. தாங்களாகவே எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனைக்கு எழுதலாம். அவசியமானால் அறுவை சிகிச்சை நிபுணரிடம் நேரடியாக அனுப்பலாம். பயிற்சி பெற்ற சிலர் ஊசியும் போடுவார்கள். ஆபரேஷன் மட்டும் செய்யமாட்டார்கள்.

அறைக்குள் என்ன நடக்கிறது?

இதுதான் முக்கியம். உங்கள் மகனிடம் கேளுங்கள், அவன் இதையெல்லாம் சொல்வான்.

முதலில் பேச்சு. வலி எப்போது வந்தது, எங்கே இறங்குகிறது, இருமினால் கூடுகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா, என்ன வேலை, மனசு எப்படியிருக்கிறது... எல்லாம் கேட்பார்கள்.

அடுத்தது பரிசோதனை. குதிகாலால் நடக்கச் சொல்வார்கள், நுனிக்காலால் நடக்கச் சொல்வார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலை மெதுவாகத் தூக்குவார்கள். பாதி தூக்கும்போதே முட்டிக்குக் கீழே சுரீர் என்று இழுத்தால் நரம்பு உரசுகிறது என்று சந்தேகம். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்திப் பார்ப்பது இடுப்பின் ஐந்தாவது நரம்பின் பலத்தைப் பார்க்க. முட்டியிலும் குதிகாலிலும் சின்ன சுத்தியலால் தட்டுவது அந்தந்த நரம்புகளின் துடிப்பைப் பார்க்க. பஞ்சால் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பதும் உண்டு.

இதையெல்லாம் வைத்து வந்தவரை மூன்றில் ஒரு பிரிவில் சேர்ப்பார்கள். ஆபத்தில்லாத சாதாரண முதுகு வலியா? நரம்பு உரசும் வலியா? அல்லது எலும்பு முறிவு, கிருமித் தொற்று, புற்றுநோய் போன்ற பெரிய காரணம் இருக்கிறதா? மூன்றாவது பிரிவு மிகச் சிலர்தான். ஆனால் அந்தச் சிலரைத் தவறவிடாமல் பிடிப்பதற்குத்தான் இத்தனை பயிற்சியும்.

ஒன்பதே கேள்விகள்

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகம் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தது. வலி காலுக்கு இறங்குகிறதா, உடை மாற்றக் கஷ்டமாக இருக்கிறதா என்று சில. ‘இந்த வலி ஒருநாளும் சரியாகாது என்று தோன்றுகிறதா?’, ‘உடம்பை அசைத்தால் ஆபத்து என்று பயமா?’ என்று சில. பதிலை வைத்து, வலி நீடிக்கும் வாய்ப்புக் குறைவானவர், நடுத்தரமானவர், அதிகமானவர் என்று பிரிப்பார்கள். குறைவானவருக்கு ஆலோசனையே போதும். நடுத்தரத்துக்குப் பயிற்சி. அதிகமானவருக்குப் பயிற்சியோடு பயத்தைப் போக்கும் சிகிச்சையும் சேர்த்து. இப்படிப் பிரித்துச் சிகிச்சை தந்தால் பலன் கூடுகிறது, செலவும் குறைகிறது என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது.

கவனித்தீர்களா? ஒன்பதில் பாதி கேள்விகள் மனசைப் பற்றியவை! ‘இனிமே குனியவே முடியாதோ’ என்ற பயமே ஒருவரைப் படுக்கையில் தள்ளிவிடும்.

ஸ்கேன் ஏன் எடுக்கவில்லை?

நம்மவர்களுக்குப் பெரிய குறை இதுதான். ‘ஒரு ஸ்கேன் எடுத்துட்டா நிம்மதி’ என்போம். நிஜத்தில் பலருக்கு நிம்மதி போவதே அந்த ஸ்கேனால்தான்!

முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டி 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. மொத்தம் 3,110 பேர். வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில்கூட 37 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் அது 96 சதவிகிதம். டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30 சதவிகிதம், 80 வயதில் 84 சதவிகிதம். இத்தனைக்கும் ஒருவருக்கும் வலி கிடையாது!

தலைமுடி நரைப்பது போலத்தான் டிஸ்க் தேய்வதும். ரிப்போர்ட்டில் ‘தேய்மானம்’, ‘பிதுக்கம்’ என்று படித்ததும் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறோம். குனியப் பயம், குடம் தூக்கப் பயம், பேரனைத் தூக்கப் பயம். வலியைவிட இந்தப் பயம்தான் அதிகமாக முடக்குகிறது. அதனால்தான் 2016-ல் வந்த இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டி, முதல் கட்டத்திலேயே வழக்கமாக ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்கிறது. சிகிச்சையின் பாதையை ஸ்கேன் மாற்றும் என்றால் மட்டும் எடுக்கலாம். அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு இந்த பிசியோதெரபிஸ்டுக்கு உண்டு.

இங்கே கவனம் தேவை!

முன்பு ‘குதிரை வால்’ நரம்புக் கொத்தைச் சொன்னேன் அல்லவா? பெரிய டிஸ்க் ஒன்று பிதுங்கி அந்தக் கொத்தை நசுக்கினால், அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாத அவசரம். அரிதாகத்தான் வரும். ஆனால் தாமதித்தால் ஆயுள் முழுக்க சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போகலாம். கால் செயலிழக்கலாம். அறிகுறிகள் இவை:

• சிறுநீர் வர மறுப்பது, முக்கினால்தான் வருவது, வருவதே தெரியாமல் போவது.
• மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது.
• பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடைப் பகுதி மரத்துப்போவது. கழுவும்போது தொட்ட உணர்ச்சி மாறியிருப்பது.
• இரண்டு கால்களிலும் வலியோ, மரப்போ, பலவீனமோ பரவுவது.
• தாம்பத்திய உறவில் உணர்ச்சி திடீரென மாறுவது.

முதுகு வலியோடு இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குத்தான் போகவேண்டும். லண்டனானாலும் சரி, லால்குடியானாலும் சரி. ‘காலையில் பார்த்துக்கலாம்’ கூடவே கூடாது. இங்கிலாந்தில் 2023-ல் வெளியான நடைமுறை, இந்தச் சந்தேகம் வந்தால், கேட்ட நான்கு மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும் என்கிறது. அதாவது, ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லும் அதே பிசியோதெரபிஸ்ட், தேவைப்படும் இடத்தில் ஒரு நிமிடமும் தாமதிக்கமாட்டார்.

இதுதவிர காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சலோடு முதுகு வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகு வலி, விழுந்த பிறகு அல்லது வயதானவருக்குத் திடீரென வந்த கடும் வலி, நாளுக்கு நாள் பாதம் தொங்கிப்போவது ஆகியவையும் உடனே சொல்லவேண்டிய விஷயங்கள்.

வெட்கம் வேண்டாம் அம்மா!

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு சிக்கல். பிரசவம் பார்க்க, பேரப்பிள்ளை வளர்க்க என்று அயல்நாடு போகிற அம்மாக்களுக்கு அங்கே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பரிசோதனை அறையில் மகன்தான் மொழிபெயர்க்கிறான். ‘‘சிறுநீர் சரியாகப் போகிறதா? கீழே மரத்திருக்கிறதா?’’ என்று கேட்டால், மகன் எதிரில் எந்த அம்மா வாய் திறப்பார்? ‘‘அதெல்லாம் ஒண்ணுமில்லே’’ என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். அந்த ஒரு தலையாட்டல் அவருடைய காலையே பறித்துவிடலாம்!

அங்கே அரசு மருத்துவச் சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. நேரம் வாங்கும்போதே ‘‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது’’ என்று சொல்லிவிடுங்கள். மகனை வெளியே உட்காரச் சொல்லுங்கள். அந்தக் கேள்விகளைக் கேட்பது அநாகரிகம் இல்லை. கேட்காமல் விட்டால்தான் தவறு.

கனடாவிலும் இதே கதை

டொரான்டோவில் உறவுக்காரர்கள் இருந்தால் அவர்களும் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் 2012-ல் டொரான்டோ, ஹாமில்டன், தண்டர் பே ஆகிய மூன்று நகரங்களில் சோதனையாக இதுபோன்ற முதுகெலும்பு மையங்களைத் தொடங்கினார்கள். குடும்ப டாக்டர் அனுப்பும் நோயாளியை மேம்பட்ட பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டோ, கைரோபிராக்டரோ பார்ப்பார். நோயாளிக்குப் பாடம் சொல்லித்தருவதும் சிகிச்சையில் ஒரு பகுதி. தேவையானவரை மட்டும் அறுவை சிகிச்சை நிபுணருக்கு அனுப்புவார். பிறகு அது மாகாணம் முழுவதும் விரிந்தது.

நம்பலாமா?

நியாயமான சந்தேகம். பல நாடுகளில் ஒரே நோயாளியை நிபுணரும் பிசியோதெரபிஸ்டும் தனித்தனியாகப் பார்த்து ஒப்பிட்ட ஆய்வுகள் வந்திருக்கின்றன. நோயைக் கண்டுபிடிப்பதிலும், யாருக்கு ஆபரேஷன் என்று முடிவெடுப்பதிலும் இருவரும் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். நோயாளிகளின் திருப்தியும் குறையவில்லை.

அதற்காக டாக்டர் தேவையில்லை என்று அர்த்தமில்லை. பலவீனம் கூடிக்கொண்டே போனாலோ, மற்ற சிகிச்சைகளுக்குப் பிறகும் சயாட்டிகா விடாமல் வாட்டி, ஸ்கேனும் அதோடு பொருந்தினாலோ, கத்தி எடுக்க நிபுணர்தான் வேண்டும். அவர் நேரம் அப்படிப்பட்டவர்களுக்கு மிச்சமாகட்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கமே.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

படுத்தே இருக்கலாமா?
வேண்டாம். வலி கடுமையாக இருக்கும்போது ஓரிரு நாள் ஓய்வு சரி. அதற்கு மேல் படுத்தால் தசை பலவீனமாகும். முடிந்த வேலைகளைச் செய்துகொண்டே இருங்கள்.

பெல்ட் போடலாமா? எடை கட்டித் தொங்கவிடும் ‘டிராக்ஷன்’?
இரண்டையும் கீழ்முதுகு வலிக்கு வழக்கமாகத் தரவேண்டாம் என்று 2016-ம் வருட இங்கிலாந்து வழிகாட்டியும் சொல்கிறது, நாள்பட்ட வலிக்காக 2023-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் சொல்கிறது. அல்ட்ராசவுண்ட் கருவி வைத்துத் தேய்ப்பதும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது.

அப்புறம் எதுதான் பலன் தரும்?
உடற்பயிற்சி! நடை, நீச்சல், யோகா எதுவானாலும் சரி, உங்களுக்குப் பிடித்து, விடாமல் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுத்துக்கொள்ளலாம். வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் வாங்கி விழுங்க வேண்டாம். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நம் ஊரில் எப்படிக் கேட்பது?

பிசியோதெரபி படிப்பையும் தொழிலையும் முறைப்படுத்த இந்தியாவில் 2021-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அடுத்த முறை முதுகு வலிக்காக ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனால், இந்த நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

1. எனக்கு இருப்பது சாதாரண வலியா, நரம்பு வலியா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?
2. என்ன அறிகுறி வந்தால் நான் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்?
3. வீட்டில் நானே செய்ய என்ன பயிற்சி? எத்தனை முறை?
4. எத்தனை வாரத்தில் முன்னேற்றம் தெரியவேண்டும்? தெரியாவிட்டால் அடுத்து யாரிடம் அனுப்புவீர்கள்?

பத்து நாள் மெஷின் வைத்துவிட்டுப் பயிற்சியே சொல்லித்தராதவரை விட, உங்களைக் குனியவைத்து, நடக்கவைத்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, இந்த நான்குக்கும் பொறுமையாகப் பதில் சொல்பவர் நல்லவர். அவர் அறை வாசலில் எந்தப் பட்டம் தொங்கினாலும், உங்கள் முதுகுக்கு வேண்டியது அந்த அரை மணி நேரக் கவனம்தான்!